தேடல் சவாரியில் துப்புச் சீட்டு எழுதுபவருக்கு

ஞாயிற்றுக்கிழமை குழுவாக பைக்கில் கிளம்பும்போது, சும்மா போய்வருவதற்குப் பதில் ஒரு ‘டிரெஷர் ஹன்ட்’, அதாவது சீட்டில் எழுதிய துப்புகளுக்கு வழியில் விடை தேடும் விளையாட்டு, வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல விளையாட்டுதான். ஆனால் அதில் யாரும் விழாமல் திரும்புவது பாதிக்குப் பாதி, முதல்நாள் இரவு துப்புச் சீட்டு எழுதுகிறவர் கையில் இருக்கிறது.

‘வழியில் எத்தனை ஓட்டு வீடு?’, ‘எந்த மைல்கல்லில் எழுத்து அழிந்திருக்கிறது?’ என்று கேட்டால், ஓட்டுகிறவர் கண் சாலையில் நிற்காது. 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகரும். இரண்டு நொடி ஓரத்தைப் பார்த்தால் 34 மீட்டர் கண்ணை மூடி ஓட்டியதற்குச் சமம். அதோடு கண் போகிற பக்கமே வண்டியும் இழுக்கும். ஆகவே துப்பு எதுவானாலும் ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, நடந்து போய்த் தேடுகிற மாதிரி இருக்கட்டும். தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா மணிமண்டபம் இருக்கிறது. அவர் மறைந்த ஆண்டைக் கேளுங்கள் (1925). தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகல்லில் வீரன் கையில் என்ன ஆயுதம் என்று கேளுங்கள். ஊர்ப்புறத்தில் நிற்கும் நடுகல்லைச் சேர்த்தால், எழுத்து தெரியவேண்டும் என்று மாவோ சாக்பீஸோ தேய்க்கக் கூடாது என்பதையும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

தொப்பூர் கணவாயில் ஒரு துப்புகூட வேண்டாம். சேலம் பக்கம் இறங்கும் அந்த நீண்ட சரிவில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்ட லாரிக்கு பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஓரமாக நின்று படமெடுப்பவர் அதன் பாதையில்தான் நிற்கிறார். ஒகேனக்கல், அஞ்செட்டி காட்டுச் சாலைகளிலும் அப்படியே: யானை கடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லும் துப்பு விளையாட்டில் சேராது.

முதலில் வந்தவருக்குப் பரிசு என்று வைத்தால் அது பந்தயம். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி அனுமதியில்லாத பந்தயம் குற்றம். வழக்கமான வாகனக் காப்பீட்டுப் பாலிசியும் பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்காது. மாற்றுவழி எளிது. 60 கி.மீ. சுற்று, 4 நிறுத்தம் என்றால், சராசரி 40 கி.மீ. கணக்கில் ஓட்டத்துக்கு ஒன்றரை மணி, நிறுத்தத்துக்குக் கால் மணி வீதம் ஒரு மணி. இரண்டரை மணி நேரத்துக்கு முன் வந்தால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி கழியுங்கள். கடைசியில் மட்டும் நேரம் பார்த்தால், விரட்டி வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாவகாசமாக வருவார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நேரம் குறிக்கவேண்டும்.

ஒரே வரிசையில் 15 வண்டி வேண்டாம். முன்னவர் கொஞ்சம் வேகம் கூட்டினால், வால் பக்கம் இருப்பவர் எட்டிப் பிடிக்க 80-ஐத் தாண்டுவார். அனுபவம் குறைந்தவர்தான் பெரும்பாலும் அங்கே இருப்பார், அதுதான் சிக்கல். ஐந்தைந்தாகப் பிரித்து, 10 நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். புதியவர் தலைவருக்கு அடுத்து, நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கடைசியில். நேர்ச்சாலையில் ஒரு வண்டி இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று, தன் தடத்தில் முன்னே போகும் வண்டிக்கு 2 நொடி இடைவெளி விட்டு ஓட்டவேண்டும். வளைவிலும் ஊருக்குள்ளும் ஒற்றை வரிசை. துப்புச் சீட்டைப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கூட ஓட்டத்தில் படித்துச் சொல்லவேண்டாம், திரும்பிப் பேசத் தோன்றும்.

அறுவடைக் காலத்தில் கிராமச் சாலைகளில் கேழ்வரகும் கொள்ளும் காயப் போட்டிருப்பார்கள். அந்தக் கதிர்த்தாளின் மேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும். முன்பே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடக்கவேண்டும்.

புறப்படும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூட்டிக் காட்டும். ட்யூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் கிட், சின்ன பம்ப், முதலுதவிப் பை ஆகியவை கடைசி வண்டியில் இருக்கட்டும். தலைவரிடம் கொடுத்தால் பஞ்சரானவரைக் கடந்து அவர் பத்துக் கிலோமீட்டர் போயிருப்பார்.

யாராவது விழுந்துவிட்டால் எல்லோரும் அவரைச் சுற்றி நிற்பார்கள், பின்னால் வரும் பஸ்ஸை யாரும் பார்க்கமாட்டார்கள். முதலில் ஒருவர் வளைவுக்கு முன்னால் போய்க் கைகாட்டி வண்டிகளை நிறுத்தவேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்கவேண்டும். மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல், அதன் முன்கண்ணாடியை மட்டும் திறந்து, தலையையும் கழுத்தையும் இரு கையால் அசையாமல் பிடித்திருங்கள்.