கூலி: சம்பளத்தின் பெயர் ஆளுக்குப் பெயரான கதை

கொழும்பில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு 'குலியட', அதாவது 'வாடகைக்கு' என்ற சிங்களப் பலகை நன்றாகத் தெரியும். அந்தக் 'குலி' நம்முடைய கூலிதான்.

தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். 'முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்' என்கிறது 619ஆம் குறள், உடம்பை வருத்தி உழைத்தவனுக்கு உரிய பலனைச் சொல்ல வள்ளுவர் எடுத்த சொல் அது, அதில் துளி இழிவும் இல்லை.

அப்புறம் எங்கே கெட்டது? ஆங்கிலத்தில் ஆளைக் குறிக்கும் 'கூலி' குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரிலிருந்து வந்த சொல் என்பவர்களும் உண்டு, இரண்டும் கலந்திருக்கும் என்றே எனக்குப் படுகிறது. எப்படியோ, நாம் கூலியாள், கூலிக்காரர் என்றபோது அதில் ஓர் ஆள் இருந்தார். வெள்ளைக்காரன் அந்த ஆளை வெட்டிவிட்டு வெறும் கூலி என்று கூப்பிட்டான். அடிமை முறையை ஒழித்த பிறகு மொரிஷியஸ், கரீபியன், 1860இல் தென்னாபிரிக்காவின் நேட்டால் என்று ஒப்பந்தத்தில் ஆட்களைக் கப்பலேற்றியபோது அந்தப் பெயரும் கூடவே போனது. தென்னாபிரிக்காவில் கடை வைத்திருந்த இந்தியரும் கூலி, படித்தவரும் கூலி. காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். மொரிஷியஸில் அவர்கள் வந்திறங்கிய 'கூலி காட்' துறைக்கு இன்று ஆப்ரவாசி காட் என்று பெயர், 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது.

இங்கே இலங்கையில் கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் வந்த நம் சனத்தையும் துரைமார் அப்படித்தான் எழுதி வைத்தார்கள், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள் 'கூலி லைன்', அந்த லைன்தான் நம் வாயில் லயம். 1948இல் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. எனக்கு அதைவிட வலிப்பது, 'தோட்டக்காட்டான்' என்ற இழிசொல்லைத் தமிழர்களே தமிழர்களைப் பார்த்துச் சொன்னது. நான் படித்த பள்ளியிலும் அது சாதாரணமாகக் காதில் விழும், ஒருவரும் தடுத்ததில்லை.

சரி, எதை எழுதலாம்? நாட்கூலி, கூலி உயர்வு என்று பணத்துக்குத் தாராளமாக எழுதுங்கள், அது நம் சொல். ஆளுக்குத் தொழிலாளி. சமூகத்துக்கு மலையகத் தமிழர், அவர்களே தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் பெயர். கொழும்புப் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவருக்கு நாட்டாமை என்ற பெயர் இருக்கவே இருக்கிறது, கூப்பிடுவதற்கு 'அண்ணே' போதும்.