பழைய பின்னூட்டம் ஏன் மேலேயே நிற்கிறது?

“மென்பொருள் கையேட்டில் ஒரு ஃபங்ஷனைத் தேடிப் போனால், பக்கத்தின் அடியில் பத்து வருடத்துக்கு முந்தைய பின்னூட்டங்கள்தான் முதலில் நிற்கின்றன. சரியான புதிய குறிப்பு எங்கோ கீழே கிடக்கிறது. இதற்கு மருந்தே இல்லையா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மருந்து உண்டு. அதில் பாதி 1927-லேயே எழுதப்பட்டுவிட்டது.

ஒரு ஃபங்ஷன், அதாவது நிரலில் பெயர் சொல்லி அழைக்கும் சிறு செயல்கூறு, என்ன செய்யும் என்பதைக் கையேடு எழுதுபவர் சொல்லிவிடுவார். அது எங்கே காலை வாரும் என்பது பயன்படுத்தியவருக்குத்தான் தெரியும். பிஎச்பி என்ற நிரல்மொழியின் கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் பயனர் குறிப்புகள் இருப்பதும், அவற்றுக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஓட்டுப் போட வழி வைத்திருப்பதும் இதனால்தான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் கையேட்டிலும் முன்பு பின்னூட்டங்கள் இருந்தன. பிறகு அவற்றை எடுத்துவிட்டு, பிழை கண்டால் தெரிவிக்க ஒரு படிவத்தை மட்டும் வைத்தார்கள். பக்கம் சுத்தமாகிவிடும், ஆனால் நேற்று ஒருவர் கண்ட தீர்வு, இன்று அதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பவருக்குக் கிடைக்காது. பின்னூட்டத்தை வைத்துக்கொண்டு சீர்படுத்துவதே மேல் என்பது என் கட்சி.

முதல் சிக்கல், வரிசை. ஒரு பக்கத்தில் மூன்று குறிப்புகள் இருக்கின்றன. முதல் குறிப்புக்கு 60 பேர் ஆதரவு, 40 பேர் எதிர்ப்பு. இரண்டாவதற்கு 18 ஆதரவு, 2 எதிர்ப்பு. மூன்றாவது இன்று காலையில் எழுதியது, ஒரே ஓர் ஆதரவு ஓட்டு. ஆதரவிலிருந்து எதிர்ப்பைக் கழித்தால் 20, 16, 1 என்று வரும். நூற்றுக்கு நாற்பது பேர் தவறென்று சொன்ன குறிப்பு முதலிடம் பிடிக்கும். சதவீதம் பார்த்தால் 60, 90, 100. எழுதியவரின் நண்பர் போட்ட ஒற்றை ஓட்டு எல்லாரையும் தாண்டிவிடும். இரண்டு வழியும் தப்பு. மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் இரண்டாவதுதான் நம்பத் தகுந்தது என்று நமக்குப் படுகிறது. அப்படிப் படுவதைக் கணக்காக்க வேண்டும்.

புள்ளியியல் பாடத்தில் வரும் வழக்கமான பிழை எல்லை இங்கே உதவாது. கிடைத்த ஆதரவு விகிதத்தை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் பெருக்கி, ஓட்டு எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் (95 சதவீத உறுதிக்கான வழக்கமான எண்) பெருக்குவது அது. ஒரே ஓட்டு, அதுவும் ஆதரவு என்றால் விகிதம் 1, மீதி 0, ஆகவே பிழையும் 0. ஒற்றை ஓட்டை வைத்துக்கொண்டு ‘நூறு சதவீதம், ஐயமே இல்லை’ என்கிறது சூத்திரம்.

எட்வின் பிட்வெல் வில்சன், இயற்பியலாளர் கிப்ஸின் மாணவர், 1927-ல் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கிடைத்த விகிதத்தில் நின்றுகொண்டு உண்மை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று அளக்க வேண்டாம். உண்மை விகிதம் இதுவாக இருக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அதுதான் உண்மையென்றால் கையிலிருக்கும் ஓட்டுகள் வியப்பளிக்குமா என்று பார்க்க வேண்டும். வியப்பளிக்காதவற்றில் மிகச் சிறிய விகிதம் எதுவோ, அதையே அந்தக் குறிப்புக்கு மதிப்பெண்ணாகத் துணிந்து கொடுக்கலாம்.

ஒற்றை ஓட்டிலேயே போட்டுப் பார்ப்போம். உண்மை விகிதம் ‘உ’. கிடைத்தது 1. விலகல் 1 − உ. வியப்பின் எல்லை 1.96 × √(உ × (1 − உ)). எல்லையில் இரண்டும் சமம், எனவே இருபுறமும் வர்க்கப்படுத்தினால் (1 − உ)² = 3.84 × உ × (1 − உ). இருபுறமும் ஒரு (1 − உ) அடிபடும். மிஞ்சுவது 1 − உ = 3.84 உ. ஆக, உ = 1 ÷ 4.84, சுமார் 0.21. நூறு சதவீதம் என்று நின்ற ஒற்றை ஓட்டு இருபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது! பிழையைக் கிடைத்த விகிதத்திலிருந்து கணக்கிடாமல் ‘உ’-விலிருந்து கணக்கிட்டதுதான் சூட்சுமம். அதனால் பிழை பூஜ்யமாகி ஏமாற்றுவதில்லை. இரண்டு வரி இயற்கணிதத்துக்குள் இவ்வளவு விவேகம் அடங்கியிருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

ஆதரவு ‘ஆ’, எதிர்ப்பு ‘எ’ என்றால் பொதுச் சூத்திரம் இது (3.84 என்பது 1.96-ன் வர்க்கம், 1.92 அதில் பாதி, 0.96 கால்):

மதிப்பெண் = (ஆ + 1.92 − 1.96 × √(ஆ × எ ÷ (ஆ + எ) + 0.96)) ÷ (ஆ + எ + 3.84)

நம் மூன்று குறிப்புகளுக்கும் முறையே 0.50, 0.70, 0.21 வருகிறது. கண்ணுக்குப் பட்ட வரிசையேதான். ரெடிட் தளம் 2009-ல் பின்னூட்டங்களை வரிசைப்படுத்த இந்த முறையைத்தான் எடுத்துக்கொண்டது. நிரலில் போடும்போது ஓட்டே விழாத குறிப்பை முதலில் பிரித்து 0 கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் பூஜ்யத்தால் வகுக்கப் போய்ப் பக்கம் படுத்துவிடும்.

ஆனால் வாசகர் கேட்டது வயதைப் பற்றி. கடவுச்சொல்லை எம்டி5 (சொல்லை ஒருவழிக் குறித்தொடராக மாற்றும் கணக்கு) கொண்டு மாற்றிச் சேமியுங்கள் என்று 2004-ல் ஒருவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அன்று பலருக்கு அது நல்ல யோசனையாகவே தெரிந்தது, ஓட்டும் விழுந்தது. 2013-ல் வந்த பிஎச்பி 5.5-ல் இந்த வேலைக்கென்றே பாஸ்வேர்டு_ஹேஷ் என்ற ஃபங்ஷன் சேர்ந்துவிட்டது. இன்று எம்டி5-ஐ நம்புவது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம். ஆனாலும் பழைய ஓட்டுகள் கரைவதில்லை.

கரைய வைக்கலாம். கதிரியக்கப் பாடத்தில் படித்த அரை ஆயுளை, அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலத்தை, ஓட்டுக்கும் கொடுத்தால் போதும். அரை ஆயுள் 2 ஆண்டு என்றால், 8 ஆண்டுக்கு முன் விழுந்த ஓட்டின் எடை பதினாறில் ஒரு பங்கு. அப்போது 90 ஆதரவும் 10 எதிர்ப்பும் பெற்ற குறிப்பின் மதிப்பெண் 0.83. இன்று அதன் கணக்கில் இருப்பது 5.625 ஆதரவு, 0.625 எதிர்ப்பு. விகிதம் அதே 90 சதவீதம்தான், ஆனால் மதிப்பெண் 0.51 ஆகிவிட்டது. போன வாரம் எழுதப்பட்டு 5 ஆதரவு மட்டும் பெற்ற குறிப்புக்கு 0.57. புதியது முந்திவிட்டது.

இங்கே பழைய குறிப்பு தவறு என்று கணக்கு சொல்லவில்லை. அது சரி என்பதற்கு அண்மைக் காலச் சாட்சி குறைந்துவிட்டது என்கிறது. இன்றும் அது சரிதான் என்றால், புதிதாக ஆறு பேர் ஆதரித்தாலே 0.69-க்கு ஏறிவிடும். வெறும் சதவீதத்தில் இது நடக்காது, மேலும் கீழும் ஒரே அளவில் கரைந்து விகிதம் அப்படியே நிற்கும். வில்சன் கணக்கில் எண்ணிக்கைக்கும் மதிப்பு இருப்பதால்தான் கரைசல் வேலை செய்கிறது.

இதற்காக ஒவ்வொரு ஓட்டின் தேதியையும் சேமிக்கத் தேவையில்லை. ஒரு குறிப்புக்கு மூன்று எண்கள் போதும்: ஆதரவுத் தொகை, எதிர்ப்புத் தொகை, கடைசியாகத் திருத்திய நேரம். புது ஓட்டு வரும்போது, இடைப்பட்ட காலத்துக்கு ஏற்ப இரண்டு தொகையையும் குறைத்துவிட்டு, உரிய தொகையில் 1 கூட்டினால் முடிந்தது. பலர் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். ஓட்டு விழும்போது மட்டும் மதிப்பெண்ணைத் திருத்தினால், யாருமே சீண்டாத பழைய குறிப்பு அதே உயரத்தில் உறைந்து நிற்கும். நாம் கீழே இறக்க நினைத்ததே அதைத்தான். ஆகவே இரவில் ஒருமுறை எல்லாக் குறிப்புகளுக்கும் மறுகணக்குப் போட வேண்டும்.

அரை ஆயுளை எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றாக வைக்கவும் கூடாது. சி மொழியின் எழுத்துச் சரக் கையாளல் பக்கத்துக்குப் பத்து ஆண்டு தாங்கும். வேகமாக மாறும் வலைச் சட்டகத்துக்கு (இணையதளம் கட்ட உதவும் நிரல் தொகுப்பு) ஒரு வருடமே அதிகம். ஃபங்ஷனின் நடத்தையே மாறிய பதிப்பு வெளியானால், அன்றே பழைய தொகைகளை நான்கால் வகுத்துவிடலாம்.

இனி இடம். பின்னூட்டத்தைப் பக்கத்தின் அடியில் கொட்டாமல், உரிய வாக்கியத்தோடு கட்டிவைக்க முடியும். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017-ல் வெளியிட்ட குறிப்புரைத் தரநிலையில் வழி இருக்கிறது: சுட்டும் சொற்றொடர், அதற்கு முன்னுள்ள சில எழுத்துகள், பின்னுள்ள சில எழுத்துகள் ஆகிய மூன்றையும் சேமித்தால், கையேடு திருத்தப்பட்ட பிறகும் இடத்தைத் தேடிப் பிடிக்கலாம். தமிழ்க் கையேட்டில் இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘கொ’ என்பதை யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்த்தும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி என்ற, குறிகளைச் சேர்த்தெழுதும் ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தக் கணக்காலும் தீராத ஒன்றும் உண்டு. லினக்ஸில் அனுமதிப் பிழை வந்தால் ‘சிஎச்மாட் 777 கட்டளை கொடுங்கள்’ என்று ஒருவர் எழுதுவார். கொடுத்தால் பிழை மறையும், படித்தவர் மகிழ்ந்து ஆதரவு ஓட்டுப் போடுவார். அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் அந்தக் கோப்பை மாற்றி எழுதலாம் என்ற நிலை வந்தது அவருக்குத் தெரியாது. தாயத்துக் கட்டியதும் காய்ச்சல் இறங்கியது என்று நம்புவதும் இதுவும் ஒன்றுதான். ஓட்டு ‘எனக்கு வேலை செய்தது’ என்பதை மட்டுமே அளக்கிறது. ஏன் வேலை செய்தது என்று தெரிந்த ஒருவர் ‘ஆபத்து’ என்று முத்திரை குத்தவும், குத்தியதும் ஓட்டு எவ்வளவு இருந்தாலும் குறிப்பு சுருங்கிவிடவும் வசதி இருந்தே ஆக வேண்டும்.

அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? நிரல் எழுதக் கிடைக்கும் நிதி, கட்டற்ற மென்பொருள் உலகில் ஆவணத்துக்குக் கிடைப்பதில்லை. கூகுள் 2019-ல் ஆவணப் பணிக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது நல்ல காரியம். இன்னும் பத்து மடங்கு வேண்டும் என்பேன். முத்திரை குத்தும் அந்த ஒருவரிடம் மாதம் ஒருமுறை ஒரு பட்டியல் போக வேண்டும்: மதிப்பெண் 0.7-க்கு மேல், வயது 90 நாளுக்கு மேல். அந்தக் குறிப்புகளின் சாரத்தை அவர் கையேட்டின் உரைக்குள்ளேயே எழுதி, எழுதியவர் பெயரைச் சேர்த்து, பின்னூட்டத்தை எடுத்துவிடுவார்.