சின்னப் பிள்ளைக்கு மர விளையாட்டுச் சாமான்: வாங்குபவருக்குச் சட்டம் தருவது என்ன?

தடியில் வளையம் அடுக்கும் கோபுரம், கயிறு பிடித்து இழுக்கும் வண்டில், இரண்டும் சேர்ந்த சாமான் என்று இப்போது யாழ்ப்பாணக் கடைகளில் மரத்தில் நிறைய வருகின்றன. சேர்ந்த சாமான் என்றால் சில்லு பூட்டிய ஒரு பலகை, அதில் இரண்டு மூன்று தடி, தடிகளில் வண்ணக் கட்டைகள், முன்பக்கம் ஒரு கயிறு. நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கு நல்ல சாமான்தான். ஆனால் அந்த வயதுப் பிள்ளை எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்க்கும். அதனால் விலையை விசாரிப்பதோடு நின்றுவிடாமல், என்ன பெயின்ற் பூசியது, பில் தருவீர்களா என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்கவேண்டும்.

பில்லில் இருந்தே தொடங்குவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும். என்ன சாமான், எத்தனை, என்ன விலை, எந்தத் திகதி என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். ‘கேட்டால்’ என்பதைக் கவனியுங்கள். கேட்காமல் வந்துவிட்டு, வீட்டில் சில்லு கழன்ற பிறகு பில்லைத் தேடினால் கடைக்காரரும் கையை விரிப்பார்.

இந்தத் துண்டுக் காகிதத்தை நான் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு முறைப்பாட்டுக்கு ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. சாமான் விற்கப்பட்ட நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில், அதிகார சபைக்கு முறைப்பாடு போகவேண்டும். விற்ற திகதியைக் காட்ட உங்களிடம் வேறு என்ன இருக்கப் போகிறது? விசாரணையில் பிழை வியாபாரியின் பக்கம் என்று கண்டால், இழப்பீடு கொடுக்கவோ, சாமானை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ சபை உத்தரவிடலாம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று கடையில் எழுதி ஒட்டியிருந்தாலும், பழுதான சாமானைப் பற்றி முறையிடும் உரிமை அதனால் போய்விடாது. அதேபோல, இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லி விற்பதும் இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம். ‘ஈயம் இல்லாத பெயின்ற்’ என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால், அதையும் பில்லில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறாரா? சரி, அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

பெயின்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெயின்றில் உள்ள ஈயம் தொடர்பாகச் சுற்றாடல் நீதிக்கான மையம் என்ற அமைப்பு உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கைத் தொடர்ந்து 2011இல் அதிகார சபை வர்த்தமானியில் ஒரு கட்டளை வெளியிட்டது. 2013 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கான பெயின்றில் ஈயம் ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அது சொல்கிறது. அதே கட்டளையில் இனாமல் பெயின்றுக்கு வைத்த எல்லை 600. கதவு, யன்னல், கேற்றுக்கு அடிக்கும் பளபளப்பான பெயின்றுதான் இனாமல். ஆக, கடையில் சட்டப்படி விற்ற இனாமல் பெயின்றாக இருந்தாலும், விளையாட்டுச் சாமானுக்கு அது பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இந்த வித்தியாசம் ஊரில் செய்விக்கும் சாமானுக்குத்தான் அதிகம் உதவும். தெரிந்த ஆசாரியாரிடம் சொல்லி வேப்பமரத்திலோ தேக்கிலோ ஒரு வண்டில் செய்விப்பது நல்ல யோசனை, மரமும் உறுதியாக இருக்கும். ஆனால் அவர் மிஞ்சிக் கிடந்த கேற்றுப் பெயின்றை அதில் அடித்துத் தந்துவிடக்கூடாது. பெயின்றே வேண்டாம், நன்றாக அரத்தாள் போட்டு வழுவழுப்பாக்கித் தாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈயத்தில் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் தெரியவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளைக்கு வண்ணம் வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். எங்களுடைய பனங்காய் வண்டிலுக்கு யார் பெயின்ற் அடித்தார்கள்?

அடுத்து பெட்டியில் உள்ள குறிகள். ஐ.எஸ்.ஓ 8124, ஐரோப்பாவின் ஈ.என் 71, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம் எஃப் 963 ஆகியவை விளையாட்டுச் சாமானுக்கான பாதுகாப்புத் தரங்கள். சி.ஈ. குறி என்பது ஐரோப்பிய விதிகளுக்கு அமைவாகச் செய்தேன் என்று உற்பத்தியாளர் தானே சொல்லும் உறுதிமொழி. பெயர் விலாசம் இல்லாத பெட்டியில் அந்த இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் நான் அதைப் பெரிதாக எடுக்கமாட்டேன். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் விளையாட்டுச் சாமானுக்கு ஐ.எஸ்.ஐ என்ற அந்த நாட்டுத் தர முத்திரை கட்டாயம். ஆனால் பதிவுபெற்ற கைவினைஞர்களின் சாமானுக்கும், இன்ன ஊருக்கே உரியது என்று பதிவாகிப் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அதனால் கர்நாடகத்துச் சென்னபட்டணத்து மரப் பொம்மையில் முத்திரை இல்லை என்றால் அதைப் போலி என்று தள்ளவேண்டாம். அங்கே மரபாகப் பாவிப்பது வெட்பாலை மரமும் அரக்கும். வட்டத்துக்குள் ஒரு முகம், 0-3, குறுக்கே ஒரு கோடு என்று படம் இருந்தால், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அது கூடாது. அதைக் கண்டால் அங்கேயே வைத்துவிடலாம்.

குறி இருக்கோ இல்லையோ, கையால் பார்க்கவேண்டியது இருக்கிறது. தொண்டையில் சிக்கும் துண்டுகளுக்கு இந்தத் தரங்கள் பாவிக்கும் அளவுக் குழாயின் விட்டம் 31.7 மில்லிமீற்றர். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சாமானில், அந்தக் குழாய்க்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் இருக்கக்கூடாது. வீட்டில் அந்தக் குழாய் இல்லை. ரொய்லெற் பேப்பர் சுருளின் நடுக்குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம், அதற்குள் போவதை எல்லாம் ஒதுக்கினால் இன்னும் பத்திரம். கோபுரத்தில் உச்சியில் வைக்கும் சின்ன உருண்டைதான் பெரும்பாலும் இதில் அகப்படும். சில்லை முறுக்கி இழுத்துப் பாருங்கள். அச்சு பசையில் மட்டும் நிற்கிறதா, ஆணியின் முனை வெளியே தெரிகிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். பிறகு நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டுங்கள். செதில் செதிலாகக் கழன்றால் பிள்ளையின் பல்லுக்கும் அது கழலும்.

கயிற்றைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கத் தரத்தின்படி, மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் இழுவைச் சாமானில் கயிறு 12 அங்குலத்தைத் தாண்டினால், சுற்றிச் சுருக்காக மாறக்கூடிய மணியோ வேறு இணைப்போ அதில் இருக்கக்கூடாது. நுனியில் பெரிய மணி கோத்த நீளக் கயிறு பார்க்க வடிவுதான், ஆனால் கழுத்தில் சுற்றினால் மணி போய்க் கொளுவிக்கொள்ளும். மற்றதெல்லாம் பிடித்திருந்தால், வாங்கி வந்து மணியைக் கழற்றிவிட்டுக் கயிற்றைக் கட்டையாக வெட்டிவிடலாம். எப்படியோ, இழுத்து விளையாடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். நித்திரைக்குப் போகும் இடத்தில் அந்த வண்டில் கிடக்கக்கூடாது.

முறைப்பாடு செய்யவேண்டி வந்தால் முதலில் 1977 இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். ஆனால் அழைப்போடு விட்டுவிடாமல், மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பில்லின் பிரதி, உடைந்த இடத்தின் படம், பெட்டியின் படம், கடையின் பெயர் விலாசம், உங்களுக்கு மாற்றுச் சாமான் வேண்டுமா பணம் வேண்டுமா என்ற ஒரு வரி, இவ்வளவும் போதும். உடைந்த சாமானை எறிந்துவிடாதீர்கள். முகநூலில் வாங்கியதென்றால் விற்றவரோடு நடந்த உரையாடலையும் காசு அனுப்பிய சீட்டையும் படமெடுத்து வையுங்கள், அந்தப் பக்கம் நாளைக்கு இருக்கும் என்று நம்பமுடியாது. துண்டு தொண்டையில் சிக்கிப் பிள்ளை மூச்சுக்குத் தவித்தால் அது வேறு கதை, அப்போது அழைக்கவேண்டியது 1990 அம்புலன்ஸ்.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ மாமி கொண்டுவந்து தந்த சாமானுக்கு இந்த உரிமைகள் எதுவும் உதவாது, ஏனென்றால் விற்றவர் இங்கே இல்லை. அந்த நாடுகளில் பழுதென்று திரும்பப் பெறப்படும் சாமான்களின் விபரத்தை அரசாங்கமே இணையத்தில் போடுகிறது. பெட்டியில் உள்ள மாதிரி இலக்கத்தைப் படமெடுத்து மாமிக்கே அனுப்பி, ஒருக்கால் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.