வைஃபையில் பிரிட்ஜ் போட முடியாதது ஏன்?

ஈசூனில் இருந்து பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, கல்லூரி லேபில் லினக்ஸ் கணினியில் பிரிட்ஜ் போட்டேன். மெய்நிகர் கணினிக்குத் தனி ஐபி கிடைத்தது, பக்கத்து மேசைக்காரர் என் வலைப்பக்கத்தைத் திறந்தார். வீட்டில் மடிக்கணினியில் அதே கட்டளையைக் கொடுத்தால், இந்தச் செயலுக்கு ஆதரவில்லை என்று மறுக்கிறது. வைஃபை டிரைவர் பழுதா?"

டிரைவர் நன்றாகத்தான் இருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தெரிந்தேதான் மறுக்கிறது. மெய்நிகர் கணினி என்பது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. அதை வெளி நெட்வொர்க்கோடு நேரடியாக இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்தான் பிரிட்ஜ்.

முதலில், ஒன்றும் தொடாமல் விட்டால் என்ன நடக்கும்? மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் அதற்கு 10.0.2.15 என்ற ஐபி முகவரி கிடைக்கும். லினக்ஸில் அதே வேலைக்கான லிப்விர்ட் என்றால் 192.168.122 என்று தொடங்கும் ஒன்று. இரண்டுமே நாட் வகை. அதாவது, மெய்நிகர் கணினி அனுப்புவதை மடிக்கணினி தன் பெயரில் மாற்றி எழுதி வெளியே விடும். உள்ளிருந்து இணையம் கிடைக்கும், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. உங்கள் வீட்டு ரவுட்டர் செய்வதும் இதையேதான் என்பதால் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பிரிட்ஜ் வேறு ஜாதி. அது எதையும் மாற்றி எழுதாது. மெய்நிகர் கணினிக்கு 'டாப்' என்ற பொய்யான நெட்வொர்க் கார்டு ஒன்று உண்டு. மெய்நிகர் கணினி அனுப்பும் ஒவ்வொரு ஈதர்நெட் ஃபிரேமையும் (முகவரி எழுதிய தரவுப் பொட்டலம்), அதை இயக்கும் கியூஎமு என்ற மென்பொருள் டாப் வழியே கெர்னலுக்குள் தள்ளுகிறது. கெர்னலில் உள்ள பிரிட்ஜ், இந்த டாப்பையும் நிஜ கார்டையும் ஒரே ஸ்விட்சின் இரண்டு துளைகளாக நடத்துகிறது. வருகிற ஃபிரேமை எந்த மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண், ஐபி அல்ல) அனுப்பியது, எந்தத் துளை வழியே வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த முகவரிக்கு ஏதாவது வந்தால் அந்தத் துளைக்கே அனுப்பும். 300 விநாடி சத்தம் இல்லையென்றால் மறந்துவிடும். பிரிட்ஜின் அட்டவணையைத் திரையில் வரவழைத்துப் பாருங்கள், 52:54:00 என்று தொடங்கும் ஒரு முகவரி தெரியும். அதுதான் உங்கள் மெய்நிகர் கணினி. அந்த 52 பதினாறடிமான (ஹெக்ஸ்) எண், அதை இரும எண்ணில் எழுதினால் 01010010. வலமிருந்து இரண்டாவது பிட் 1 என்றால், இது எந்தத் தொழிற்சாலையும் கொடுத்த முகவரி அல்ல, உள்ளூரில் நாமே வைத்துக்கொண்டது என்று பொருள்.

சாதாரண ஈதர்நெட் கம்பி இதைப் பற்றிக் கவலைப்படாது. ஃபிரேமில் இரண்டே முகவரிகள்: அனுப்புபவர், பெறுபவர். என்ன பெயரில் அனுப்பினாலும் கம்பி சுமந்து போகும். (சில அலுவலகங்களில் ஒரு துளைக்கு ஒரு முகவரிதான் என்று ஸ்விட்சைக் கட்டிப்போட்டிருப்பார்கள். அங்கே கம்பியிலும் பிரிட்ஜ் திணறும்.)

வைஃபை அப்படியில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மடிக்கணினி ஆக்சஸ் பாயிண்டுக்கு (வீட்டில் ரவுட்டரின் வைஃபைப் பகுதி) அனுப்பும் ஃபிரேமில் மூன்று முகவரிகள் உண்டு. முதலாவது, காற்றில் இதை இப்போது பிடிக்க வேண்டிய ஆக்சஸ் பாயிண்ட். இரண்டாவது, இப்போது ஒலிபரப்பும் மடிக்கணினி. மூன்றாவது, கடைசியில் போய்ச் சேர வேண்டிய கருவி, பிரிண்டர் என்று வைத்துக்கொள்வோம். சரி, இதை முதலில் எழுதியவர் யார்? அதற்குக் கட்டமே இல்லை! ஒலிபரப்புபவரும் எழுதியவரும் ஒருவரே என்று முடிவு செய்து இரண்டையும் ஒரே கட்டத்தில் அடக்கிவிட்டார்கள். தனக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார் என்று மடிக்கணினி சொல்லவே வழியில்லை.

துணிந்து அந்த இரண்டாவது கட்டத்தில் 52:54:00 முகவரியை எழுதி அனுப்பினால்? ஆக்சஸ் பாயிண்ட் தன்னிடம் இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மறையாக்கச் சாவி வைத்திருக்கிறது. இந்த முகவரி இணையவே இல்லை, அதனால் சாவியும் இல்லை. ஃபிரேம் குப்பைக்குப் போகும். இது நடக்கும் என்று தெரிந்துதான் கெர்னல் முன்கூட்டியே கையை விரிக்கிறது. நான்கு முகவரி எழுதும் முறை ஒன்றும் தரத்தில் இருக்கிறது, ரவுட்டர்கள் தங்களுக்குள் வைஃபையில் பேச அது உதவும். இரு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் அதற்கான பொத்தானே இருக்காது.

ஆயுத பூஜையன்று ரவுட்டருக்குச் சந்தனப் பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பாவம், வருடம் முழுக்க உழைக்கிறது. எங்கோ கண்ட கட்டளையை மந்திரம் மாதிரி மூன்று தரம் ஓதி, நடக்கவில்லை என்றால் கணினியையே மறுபடி நிறுவுவதுதான் எரிச்சல் தருகிறது. இதில் மாணவரை மட்டும் குறை சொல்ல முடியாது. லேப் முழுக்கக் கம்பி, வீவக அடுக்குமாடி வீடு முழுக்க வைஃபை. மேகக்கணிமைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் எடுத்து, ஒரு ஃபிரேமைப் பிடித்துப் பிரித்துக் காட்டினால் போதும்.

நாட் ஏன் வைஃபையில் சிக்கலின்றி ஓடுகிறது என்பதும் இப்போது புரியும். வெளியே போகும் ஃபிரேமில் மடிக்கணினியின் முகவரிதான் இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸில் வைஃபை மேல் 'பிரிட்ஜ்' என்று தேர்ந்தெடுத்தால் அதுவும் ஓடுவது இப்படித்தான்: போகும்போது மடிக்கணினியின் முகவரியைப் போட்டு அனுப்பும், திரும்பி வருவதை ஐபியைப் பார்த்து உரிய மெய்நிகர் கணினிக்குப் பிரித்துக் கொடுக்கும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அசல் பிரிட்ஜ் அல்ல.

உங்கள் தேவைக்கு, நாட்டை அப்படியே வைத்துக்கொண்டு மடிக்கணினியின் 8080 என்ற போர்ட்டுக்கு (இணைப்பு வாசலின் எண்) வருவதை மெய்நிகர் கணினியின் 80-க்குத் திருப்பிவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்புகளிலேயே இதற்கு இடம் உண்டு. ஃபயர்வால் அந்த போர்ட்டைத் தடுக்காவிட்டால் தங்கையின் கைபேசியிலேயே பக்கம் திறக்கும். அசல் பிரிட்ஜ்தான் வேண்டும் என்றால், சிம் லிம் ஸ்குவேரில் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று வாங்கிக் கம்பியை ரவுட்டரில் செருகுங்கள். அப்புறம், கார்டைப் பிரிட்ஜில் சேர்த்ததும் மடிக்கணினியின் ஐபியைக் கார்டிலிருந்து எடுத்து பிரிட்ஜுக்கே கொடுக்க வேண்டும். இதைத் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே செய்யாதீர்கள், பாதியிலேயே தொடர்பு அறுந்துவிடும்.