கேமரா பவுச்: பையா, உறையா?

கல்யாண மண்டபத்தில் முகூர்த்த நேரம். மேடையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். தோள்பையைக் கீழே வைத்து ஜிப்பைத் திறந்து லென்ஸைத் தேட இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. கை தானாக இடுப்புக்குப் போகிறது. மேல்மடிப்பைத் தூக்கினால் பின்மூடி மேலே பார்த்தபடி லென்ஸ் நிற்கிறது. உருவி எடுத்து மாட்டினால் தாலி ஏறுவதற்குள் தயார். பெல்ட்டில் கோத்திருக்கும் இந்தப் பொருளைத்தான் படமெடுக்கிறவர்கள் ‘பவுச்’ என்கிறோம். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

பவுச் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். அங்கே ‘போஷ்’ என்றால் பை. இன்றைய பிரெஞ்சில் சட்டைப்பைக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்தின் ‘பாக்கெட்’டும் இதே குடும்பம், சின்னப் பை என்று பொருள். ஆக, பவுச் என்ற சொல்லில் இடுப்பும் இல்லை, பெல்ட்டும் இல்லை. வெறும் பைதான்.

கடைகளில் ‘ஹோல்ஸ்டர்’ என்றும் ஒன்று விற்கிறார்கள். லென்ஸ் மாட்டிய கேமராவை அப்படியே தலைகீழாக இறக்கும் முக்கோண வடிவக் கூடு அது. இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டில் கைத்துப்பாக்கியோடு ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. அப்போது அது குதிரைச் சேணத்தில் தொங்கியது; மனிதனின் இடுப்புக்கு வந்தது பிறகுதான். டச்சு மொழியிலும் இதே சொல் உண்டு. இதன் உறவுச் சொற்களுக்கெல்லாம் மூடி மறைப்பது என்பதே அடிப்படைப் பொருள்.

பைக்கும் மூடி மறைப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு தமிழில் எப்போதிலிருந்தோ இருக்கிறது. பைக்குள் எதையும் போடலாம், போட்டதைத் துழாவித்தான் எடுக்க வேண்டும். உறை அப்படியில்லை. ஒரு பொருளின் உருவத்துக்கு அளவெடுத்துச் செய்தது, ஒரே இழுப்பில் உருவலாம். வாளுக்கு உறை உண்டு. வாள்பை என்று யாரும் சொன்னதில்லை. லென்ஸ் பவுச்சின் வேலையும் இதுவே. 70-200 எம்எம் என்ற நீளமான லென்ஸுக்கு வாங்கியதில் சின்ன 50 எம்எம் லென்ஸைப் போட்டுப் பாருங்கள், அடியில் கிடந்து உருளும். அதனால் பெயர் பவுச்சாக இருந்தாலும் பொருள் உறைதான் என்பேன்.

சரி, ‘இடுப்புப் பை’ என்றால் என்ன குறை? அது பணமும் கைப்பேசியும் வைக்கும் பையைக் காட்டிவிடும். நம் ஊரில் அந்த மரபு பெரியது. வேட்டி மடி, பாட்டிமார் செருகியிருக்கும் சுருக்குப்பை, சந்தை வியாபாரிகள் கட்டும் அகலமான பச்சை பெல்ட், எல்லாம் அதில் சேர்த்தி. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்கிறோமே, ஒன்றரைக் கிலோ லென்ஸை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நடப்பவருக்கு அது நன்றாகவே விளங்கும்.

‘அரைப்பை’ என்றும் சொல்லிப் பார்க்கலாம். அரை என்பது இடுப்புக்கு நல்ல பழைய சொல், அரைஞாண் கயிற்றில் இன்னும் இருக்கிறது. ஆனால் தனியாகக் கேட்டால் பாதிப் பை என்றுதான் காதில் விழும். ‘இடுப்புறை’ எனக்கு முதலில் பிடித்திருந்தது. அப்புறம் கையுறை, காலுறை நினைவுக்கு வந்தன. கையுறை கைக்குப் போடும் உறை. அந்தக் கணக்கில் இடுப்புறை இடுப்புக்குப் போடும் உறையாகிவிடும். எனவே வாளுறை வழியே சரி: உள்ளே இருப்பதன் பெயரை முன்னால் வைப்பது.

லென்ஸுக்கு ‘வில்லை’ ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது. லத்தீனில் லென்ஸ் என்பது ஒரு பருப்பின் பெயர், நாம் மைசூர்ப் பருப்பு என்பது. இருபுறமும் புடைத்த அதன் உருவத்தைப் பார்த்துக் கண்ணாடிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். தமிழும் உருவத்தைத்தான் பார்த்தது: சந்தன வில்லை, மருந்து வில்லை, டவாலிச் சேவகரின் பித்தளை வில்லை என்று வட்டமான தட்டைப் பொருள்களுக்கெல்லாம் அந்தப் பெயர் உண்டு. ஆகவே லென்ஸ் பவுச் ‘வில்லையுறை’. கேமராவை வைப்பது ‘கேமரா உறை’. கேமரா என்ற சொல் நாவில் ஊறிவிட்டது, அதை மாற்றச் சொல்ல மாட்டேன். தூய தமிழ் வேண்டுவோர் ‘படக்கருவி உறை’ எனலாம்.

பெல்ட்டுக்குக் ‘கச்சை’யைப் பரிந்துரைக்கிறேன். வார் என்றால் மெல்லிய தோல்பட்டைதான் நினைவுக்கு வரும். இந்த பெல்ட்டோ உள்ளே பஞ்சு வைத்து, நாலு விரலுக்கு மேல் அகலமாக, எடையை இடுப்பெலும்பின்மேல் இறக்குவது. வீரர்கள் ஆயுதம் செருகிய கச்சைக்கு அதுதான் நெருக்கம். உதவிக்கு வரும் பையனிடம், “தம்பி, கச்சையில வலப்பக்க வில்லையுறை திறந்திருக்கு, மூடு” என்று சொல்லிப் பார்த்தேன். திரும்பக் கேட்காமல் மூடினான்.