மூச்சுத் தசையின் வலுவை அளப்பது எப்படி?

வென்டிலேட்டரில் இருந்த நோயாளிக்கு நிமோனியா தணிந்துவிட்டது, ஆக்சிஜன் அளவும் சரி. ஆனாலும் இயந்திரத்தின் துணையைக் குறைத்தால் சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்குகிறது. பல நேரம் இதற்குக் காரணம் நுரையீரலுக்கு அடியில் இருக்கும் உதரவிதானம்தான்.

மூச்சை உள்ளிழுப்பதில் பெரும்பங்கு இந்தத் தசைக்கு. அந்த வேலையை இயந்திரமே செய்தால் தசை சும்மா கிடந்து மெலிகிறது, அதுவும் நம்ப முடியாத வேகத்தில். மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்த 14 உறுப்புக் கொடையாளர்களின் உதரவிதானத்தைச் சோதித்த ஆய்வு 2008-இல் வெளியானது. தசையிழைகளின் குறுக்குப் பரப்பு, இரண்டு மூன்று மணி நேரமே வென்டிலேட்டரில் இருந்தவர்களுடையதில் பாதிகூட இல்லை.

வலுவை அளக்க எளிய வழி, நோயாளியின் தொண்டைக்குள் போகும் செயற்கைக் குழாயின் வெளிமுனையில் ஒருவழி வால்வைப் பொருத்துவது. மூச்சை வெளியே விடலாம், உள்ளே இழுக்க முடியாது. சுமார் 20 விநாடிகளில் காற்றுக்குத் தவித்து நோயாளி பலம் கொண்டமட்டும் இழுப்பார். அந்த இழுவிசை 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தை (அந்த உயரத்துத் தண்ணீர் தரும் அழுத்தம்) எட்டவில்லை என்றால் பலவீனம் என்று சந்தேகிக்கலாம். சந்தேகம் மட்டும்தான். மயக்க மருந்தின் பிடியில் இருப்பவர் அரைமனதாக இழுத்தாலும் இதே எண்தான் வரும். எண் நன்றாக வந்தால் தாராளமாக நம்பலாம். குறைந்தால் யோசிக்க வேண்டும்.

நோயாளியின் முயற்சியையே விலக்கிவிட்டு அளக்கவும் வழி உண்டு. கழுத்தின் இருபுறமும் காந்தச் சுருள்களை வைத்து, உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரெனிக் நரம்புகளைத் தூண்டுவார்கள். தசை ஒருமுறை வெட்டி இழுக்கும். அந்த நொடியில் குழாயின் வாய் அடைபட்டிருக்கும்; அங்கே 11 சென்டிமீட்டருக்குக் குறைவான அழுத்தம் பதிவானால் தசை தளர்ந்திருக்கிறது என்று பொருள். நம்பகமான முறைதான், ஆனால் கருவியும் அதில் தேர்ந்த கையும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

ஆகவே படுக்கையருகே அதிகம் கைகொடுப்பது அல்ட்ராசவுண்ட். வலப்புறக் கீழ் விலா இடுக்கில் கருவியை வைத்தால், இரண்டு வெண்கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பட்டையாக உதரவிதானம் தெரியும். தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். மூச்சை இழுக்கையில் அது 2.5 ஆனால் 25 சதவீதத் தடிப்பு. 20-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். அரை மில்லிமீட்டரை வைத்து நடக்கும் கணக்கு என்பதால், கருவி கொஞ்சம் சாய்ந்தாலும் விடை மாறிவிடும். வென்டிலேட்டர் தாராளமாகக் காற்றை ஊதிக்கொண்டிருந்தால் நல்ல தசைகூட சோம்பேறியாகவே தெரியும். அதனால் இயந்திரத்தின் துணையைக் குறைத்து, நோயாளி தானாக மூச்சிழுக்கும்போதுதான் அளக்க வேண்டும்.