உள்ளுறை பூஞ்சையும் கூட்டுச்சர்க்கரையும்

பிச்சாவரத்தில் படகை ஓரங்கட்டி ஒரு தில்லை இலையைப் பறித்துப் பாருங்கள் (பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது, ஜாக்கிரதை). புள்ளி, கறை எதுவும் இல்லாமல் பளபளவென்று இருக்கும். ஆனாலும் அதற்குள் பூஞ்சை குடியிருக்க வாய்ப்பு அதிகம். இலைக்கு நோய் வராது, வெளியே ஒன்றும் தெரியாது. இப்படி உள்ளே வாழும் பூஞ்சைக்குத்தான் எண்டோஃபைட் என்று பெயர். 'எண்டோஃபைட் பூஞ்சையின் பாலிசாக்கரைடுகளுக்கு ஆன்டிகேன்சர் பொட்டென்ஷியல்' என்று வந்தால் அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே கேள்வி.

கிரேக்கத்தில் 'எண்டோன்' என்றால் உள்ளே, 'ஃபைட்டோன்' என்றால் செடி. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி 1866-இல் இச்சொல்லை ஆண்டபோது பூஞ்சையும் செடிக் கணக்கில்தான் இருந்தது. இப்போது அது தனி உலகம். அதனால் 'அகத்தாவரம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பிழையாகிவிடும். 'உள்ளுறை பூஞ்சை' என்பதே என் தேர்வு. உறைதல் என்றால் தங்கி வாழ்தல். இது வினைத்தொகை, நடுவில் 'ப்' போடாதீர்கள். போட்டால் 'உள்ளே இருக்கும் உறையின் பூஞ்சை' என்று பொருள் திரும்பிவிடும்.

மேலே ஒட்டியதா, உள்ளே வாழ்வதா என்று எப்படிப் பிரிப்பது? இலையைக் கழுவி, எத்தனாலிலும் பிளீச்சிங் கரைசலிலும் நனைத்து, மேற்புறத்தில் இருப்பதையெல்லாம் கொன்றுவிடுவார்கள். அப்புறம் துண்டு போட்டு அகர் தட்டில் (பூஞ்சை வளர ஊட்டம் கலந்த கூழ் ஊற்றிய தட்டு) வைப்பார்கள். அதன் பிறகும் எது முளைத்து வருகிறதோ அதுதான் உள்ளுறை.

சரி, பாலிசாக்கரைடு? 'பாலி' என்றால் பல. 'சாக்கரைடு' வேறு யாருமில்லை, நம் சர்க்கரைதான். பருக்கைக் கல்லைக் குறித்த வடமொழிச் சொல் 'சர்க்கரா'. அது இனிப்புக்கும் ஆகி, கிரேக்கத்தில் 'சாக்கரோன்' ஆனது. அரபியில் 'சுக்கர்' ஆன அதே சொல்தான் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் வாயில் 'சுக்ர்'. தமிழில் 'அயிர்' என்ற சொல்லும் நுண்மணல், கண்டசர்க்கரை இரண்டையும் குறிக்கும்!

'பல்சர்க்கரை' என்று எழுதினால் பல் மருத்துவர் நினைவுதான் வருகிறது. 'கூட்டுச்சர்க்கரை' தேவலை. பெயரில்தான் சர்க்கரை, நாக்கில் இனிக்காது. சோற்றுக் கஞ்சியின் கொழகொழப்பும் கூட்டுச்சர்க்கரைதான். பூஞ்சையை வளர்த்த திரவத்தை வடிகட்டி எத்தனால் ஊற்றினால் பூஞ்சையின் கூட்டுச்சர்க்கரை வீழ்படிவாக அடியில் இறங்கும்.

இதில் புற்றுநோய் எங்கே வந்தது? பீட்டா குளுக்கான் வகைக் கூட்டுச்சர்க்கரைகள் நம் விழுங்கணுக்களின் (கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்கள்) மேலுள்ள டெக்டின்-1 என்னும் ஏற்பியில் பொருந்தி அவற்றை உசுப்பிவிடும். ஷிடாகே காளானிலிருந்து 1969-இல் பிரித்த லென்டினான் என்ற பீட்டா குளுக்கானை ஜப்பானில் இரைப்பைப் புற்றுக்குக் கீமோதெரபியோடு துணையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஷிடாகே பட்டமரத்தில் வளர்வது, உள்ளுறை அல்ல. உள்ளுறை பூஞ்சையின் சர்க்கரைகளோ பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் செல்களிலும் எலிகளிலும்தான் சோதிக்கப்பட்டு வருகின்றன. ஆகவே 'ஆன்டிகேன்சர் பொட்டென்ஷியல்' என்பதற்குப் 'புற்றெதிர்ப்பு வாய்ப்பு' என்று எழுதலாம். 'புற்றுநோய் மருந்து' என்று செய்தியில் பார்த்தால் அது மொழிபெயர்த்தவர் சேர்த்த சர்க்கரை.